இருபத்தொன்றாவது திராட்சை

அத்தியாயம் ஒன்பது

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா? நல்லது. கீரை ஆய வேண்டியிருந்தால் அதையும் மடியில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கை வேலை செய்யட்டும், காதை என்னிடம் கொடுங்கள். ஒரு கிண்ணம் உலர்ந்த திராட்சை ஒரு வீட்டை எப்படி இரண்டாகப் பிளந்தது என்று இன்றைக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் விட்ட இடம் மறந்துபோயிருந்தாலும் குற்றமில்லை. நான் எதற்கு இருக்கிறேன்?

ஷிராஸ் நகரத்தின் பழைய சந்து ஒன்றில் கீழ் வீடு ஷௌகத்துடையது. மேல் வீட்டில் அவள் தம்பி இராஜின் குடும்பம்: மனைவி அஃப்ரூஸ், ஒன்பது வயது மகள் பர்னியான். இராஜுக்குக் கடலோரத்தில் எரிவாயு வயலில் வேலை. பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே. இப்போது அங்கே.

ஷௌகத் மூலிகைக் கடைக்காரி. நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, இது சூட்டு உடம்பு, இது குளிர்ச்சி உடம்பு என்று அவள் சொன்னால் அந்தப் பேட்டையில் மறுபேச்சுக் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் கடையைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பர்னியானுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஜன்னலுக்குப் போய்விடுவாள். வாரத்துக்கு ஏழு பென்சில் தொலைப்பாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தனிப் பள்ளிக்கு மாற்றுங்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். கவனக் குறைபாடு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை என் வீட்டுப் படி ஏறாது என்று இராஜ் அப்பாவின் கல்லறை மேல் ஆணையிட்டான்.

ஷௌகத் தன் கலவையைக் கட்டிக் கொடுத்தாள். மூளையைப் பெருக்கித் தள்ளும் துடைப்பம் என்று மூலிகைக்காரர்கள் சொல்லும் ஊதாப்பூ, அதோடு மாட்டுநாக்குப் பூ, எலுமிச்சை மணக்கும் இலை, கற்கண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் இருபத்தொரு உலர்ந்த திராட்சை, விதையோடு, ஞாபக சக்திக்கு.

அஃப்ரூஸ் இருபது திராட்சையை அப்படியே கிண்ணத்தில் போட்டாள். இருபத்தொன்றாவதை நகத்தால் கீறி, விதையை எடுத்துவிட்டு, டாக்டரின் மாத்திரையில் பாதியை உள்ளே வைத்து அமுக்கினாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம்.

பிள்ளை உட்கார்ந்தாள். ஒரு பக்கக் கட்டுரையை எழுந்திருக்காமல் எழுதினாள். இந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியை மனசு மாறினார். ஊர் முழுக்க ஷௌகத்தின் கலவையே பேச்சாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் பிள்ளை குணமானதற்காக நேர்ச்சை விரிப்பு வைக்கிறேன், பெண்களெல்லாம் வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

அந்த வியாழக்கிழமைதான் இன்றைக்கு.

*

காலை எட்டு மணிக்கே கீழ் வீட்டுச் சமையலறையில் போர் தொடங்கிவிட்டது. பெரிய பாத்திரத்தில் ஆஷ் கொதிக்கிறது. கீரை, பயறு, மாவு இழை எல்லாம் போட்ட கெட்டிக் கஞ்சி. அஃப்ரூஸ் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

ஷௌகத் எட்டிப் பார்த்தாள். "வெங்காயம் பொன்னிறமா வரணும்னு சொன்னேன் மருமகளே. இது எழவு வீட்டு நிறம்."

"உங்க அடுப்பு, ஷௌகத் கானும். என் பேச்சைக் கேக்கறதில்லை."

"இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்காதது அடுப்பு மட்டும்தானா?"

கானும் என்பது அம்மா என்பதுபோல அங்கே மரியாதைச் சொல். தம்பி மனைவியை மருமகள் என்று கூப்பிடுவதும் அங்கே வழக்கம். ஆனால் ஷௌகத்தின் வாயில் அந்தச் சொல், 'இன்னும் நீ வெளியே இருந்து வந்தவள்தான்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போகும். இந்தப் பத்து வருடத்தில் அவள் அஃப்ரூஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

அஃப்ரூஸ் இரண்டு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னாள். பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக் காட்ட வேண்டாம், விருந்து நடக்கட்டும், பிள்ளை மேலேயே விளையாடட்டும் என்று கேட்டாள்.

கண் பட்டுவிடும் என்று பயமா, அதற்குத்தான் தணலில் எஸ்ஃபந்த் விதை போட்டு வைத்திருக்கிறேனே என்றாள் ஷௌகத். கண்ணுக்குப் பயமில்லை, என் பிள்ளை கடைப் பொம்மை இல்லை என்றாள் அஃப்ரூஸ்.

ஷௌகத் கரண்டியைக் கீழே வைத்தாள். "தனிப் பள்ளிக்குத் தள்ள இருந்த பொண்ணைத் தூக்கி நிறுத்தினது எந்தக் கைன்னு நாலு பேர் பாக்கட்டும். உன் டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஒரு காகிதத்தைக் கிழிச்சுக் கொடுத்தான். நான் நாலு மாசம் பாத்திருக்கேன்."

அஃப்ரூஸ் வெங்காயத்தைக் கிளறினாள்.

மேலே அவள் மகளுக்குக் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வழக்கம்போல இருபத்தொன்று. மற்ற நாளில் பக்கத்திலேயே நின்று, கடைசித் திராட்சை தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வாள். இன்றைக்கு ஆஷ் அடிப்பிடிக்கிறது என்று ஷௌகத் மாடிப்படியிலிருந்து கத்தவே, எல்லாத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கீழே வா என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

பர்னியான் சாப்பிடத்தான் உட்கார்ந்தாள். அப்போது மதில் மேல் ஒரு பூனை வந்தது. பூனைக்கு வால் பாதிதான் இருந்தது. மீதி வால் எங்கே போனது என்று கேட்க வேண்டியிருந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பூனையோடு மதில் ஓரமாகவே நடந்தாள், படி இறங்கினாள், கீழ் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். பூனை போய்விட்டது. கிண்ணம் கையில் நிறைந்தபடியே இருந்தது.

*

பத்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. தரையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சை இலைகள், குங்குமப்பூ அல்வா, வேண்டுதலுக்கு வைக்கும் பருப்புக் கலவை. சுற்றிலும் பேட்டைப் பெண்கள். ஒருத்தி மடியில் மாமியாரின் மருந்துச் சீட்டு, ஒருத்தி தோளில் தூங்கும் குழந்தை. விரிப்பிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வீட்டு நோயாளிக்குக் கொண்டுபோவது அங்கே நடைமுறை. தபரூக் என்பார்கள், ஆசி ஏறிய உணவு.

ஷௌகத் நாலு மாதக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாடி எப்படித் துடித்தது, நாக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லி, மூளையில் ஏறியிருந்த சூட்டை இறக்கியதில் வந்து நின்றாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பர்னியான் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"இதோ, மருந்தைக் கையில பிடிச்சுக்கிட்டே வர்றா என் கண்ணு" என்றாள் ஷௌகத்.

பிள்ளைக்கு வளர்ப்பு நல்ல வளர்ப்பு. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தான் மட்டும் சாப்பிடக்கூடாது என்று தெரியும். முதலில் கிண்ணத்தை நீட்டினாள். ஐயோ வேண்டாம், நீ சாப்பிடு செல்லம் என்றார்கள். இரண்டாம் தடவை நீட்டினாள். உன் பங்கு அது என்றார்கள். மூன்றாம் தடவை ஒவ்வொருவராக எடுக்கத் தொடங்கினார்கள். வேண்டாம் என்பதற்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. அது முடிந்த பிறகு எடுக்காமல் இருந்தால் அவமரியாதை. அதிலும் குணமான பிள்ளை கையால் கொடுத்தது, யார் விடுவார்கள்? ஒன்று, இரண்டு என்று எடுத்துச் சிலர் வாயில் போட்டார்கள். பாதிப் பேர் கைக்குட்டையில் முடிந்தார்கள்.

அஃப்ரூஸ் ஆஷ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது மகளின் கிண்ணம் எட்டாவது ஆளிடம் இருந்தது.

பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரொட்டி அடுக்கின் மேல் வைத்தாள் என்று பிறகு சொன்னார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடுங்கி, மிச்சத்தை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஏழு இருந்தன. ஏழிலும் விதைதான் தட்டியது.

பார், பெற்றவளுக்கே பொறாமை வந்துவிட்டது என்று யாரோ சிரித்தார்கள்.

கண்ணுகளா, அவள் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். சொன்னால் கணவன் ஆணையிட்ட கல்லறை குறுக்கே நிற்கும், தலைக்கு மேலிருக்கும் கூரையும் நாத்தனாருடையது. சொல்லாவிட்டால் அந்தப் பாதி மாத்திரை எந்தக் கைக்குட்டையில் ஏறி எந்த நோயாளிப் பிள்ளையின் வாய்க்குப் போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதா என்று தேடினாள். நாமும் அதைத்தான் செய்வோம். திராட்சையில் பூச்சி இருக்கிறது, தயவுசெய்து எல்லாரும் திருப்பிப் போட்டுவிடுங்கள் என்றாள்.

ஷௌகத் முகம் வெளுத்தது. நாற்பது வருடக் கடையில் பூச்சி என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. சொன்னதும் யார்? சொந்த வீட்டு ஆள், ஊரைக் கூட்டி வைத்திருக்கும்போது.

"என் திராட்சையிலயா?" என்றாள். பக்கத்திலிருந்தவளின் கையிலிருந்து ஒன்றை எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு, விதையோடு கடித்து மென்றாள். "நானே ஒவ்வொண்ணா பொறுக்கினது. சாப்பிடுங்க. எல்லாரும் சாப்பிடுங்க. எங்க பூச்சின்னு எனக்குக் காட்டுங்க."

வீட்டுக்காரி மானம் போகக்கூடாதே என்று இன்னும் மூன்று பேர் வாயில் போட்டார்கள். தோளில் குழந்தை வைத்திருந்தவள், விழித்துக்கொண்ட குழந்தையின் உதட்டருகே ஒன்றைக் கொண்டுபோனாள்.

அஃப்ரூஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூச்சி இல்லை" என்றாள். "மாத்திரை. ஒரு திராட்சைக்குள்ள டாக்டர் கொடுத்த மாத்திரை இருக்கு. நாலு மாசமா தினமும் நான் வச்சுக் கொடுக்கறேன்."

கைக்குட்டைகள் அவிழ்ந்தன. மென்றவர்கள் கசக்கவில்லை என்றார்கள். முடிந்து வைத்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தார்கள். விரிப்பின் மேல் பிதுங்கிய திராட்சை, ஈர விதை. கிண்ணத்தில் ஏழு. பெண்களிடம் போனது, தின்றதும் திரும்பியதும் சேர்த்துப் பன்னிரண்டு.

மீதி இரண்டு?

தூபா, என்றாள் ஒருத்தி. தூபா இரண்டு எடுத்துக்கொண்டு இப்போதுதான் எழுந்து போனாள்.

தூபாவின் மகள் நெகீனுக்கு நாலு வயது. இருதயத்தில் ஓட்டை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. இருமல் மருந்து கொடுப்பதென்றாலும் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தது அந்தச் சந்துக்கே தெரியும்.

தூபாவுக்குப் போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பர்னியான் வெறுங்கையோடு நின்றிருந்தாள். அம்மா தோளைத் தொட வந்தபோது ஓரடி தள்ளிப் போனாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே முழுங்கியிருப்பேன்" என்றாள்.

அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கில் விடுபட்ட ஓர் எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். அஃப்ரூஸுக்கு அன்று விழுந்த அடிகளில் அதுதான் ஆழமாக இறங்கியது.

ஷௌகத் கொக்கியிலிருந்து கறுப்புச் சாதரை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அஃப்ரூஸைப் பார்த்து ஒரே சொல்.

"நட."

*

தூபா வீடு மூன்று சந்து தள்ளி. ஷௌகத்துக்கு வலது முழங்கால் மடங்காது. அவள் நொண்டிக்கொண்டு நடந்தாள், அஃப்ரூஸ் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவள் பிடித்திருக்க மாட்டாள்.

அவளை விட்டுவிட்டு ஓடலாம் என்றால் அஃப்ரூஸுக்குத் தூபா வீடு தெரியாது. பத்து வருடமாக அந்தப் பேட்டையில் இருந்தும் அவளை யார் வீட்டுக்கும் ஷௌகத் கூட்டிக்கொண்டு போனதில்லை. அதையும் அஃப்ரூஸ் சொல்லிக்காட்டினாள்.

"கூட்டிக்கிட்டுப் போயிருந்தா எத்தனை வீட்டுல மாத்திரை வச்சிருப்பே?" என்றாள் ஷௌகத்.

ரொட்டிக் கடைக்காரர் வாசலில் நின்று வணக்கம் சொன்னார். ஷௌகத்தின் முகத்தில் உடனே சிரிப்பு வந்தது. உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும் என்றாள். இரண்டடி தாண்டியதும் சிரிப்பைத் துடைத்துப் போட்டாள்.

"நாலு மாசம். தினமும் என் எதிர்ல உக்காந்து என் தேநீரைக் குடிச்சே. 'கை மணம் ஷௌகத் கானும், பிள்ளை என்னமா படிக்கறா'ன்னு சொன்னே. என் முகத்தைப் பாத்துச் சொன்னே."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அப்பா கல்லறை மேல கை வச்சு உங்க தம்பி ஆணையிட்டார். ஆணையிட வச்சது நீங்க. என் பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் மானத்தோட பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க."

"அப்போ என் கலவை ஒண்ணுமே செய்யலேங்கறே."

அஃப்ரூஸ் நின்றாள். மூச்சு வாங்கியது.

"தெரியலை. நெஜமாவே தெரியலை. அது கொஞ்சம் செஞ்சிருக்கலாம், ஒண்ணும் செய்யாமலும் இருந்திருக்கலாம். ரெண்டையும் நான் கலந்துட்டேன். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாது."

ஷௌகத் கன்னத்தில் அறை வாங்கியவள்போல ஒரு கணம் நின்றுவிட்டு, முன்னைவிட வேகமாக நொண்டினாள்.

*

கதவைத் திறந்தவள் தூபாதான். போன் உள்ளறையில் மின்சாரத்தில் சொருகிக் கிடந்தது என்று பிறகு தெரிந்தது. வாசலில் ஷௌகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விரிப்பு வைத்த வீட்டுக்காரி விரிப்பை விட்டுவிட்டுத் தன் வாசலுக்கா? உங்கள் கால் என் கண்ணின் மேல், உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடிக்காமல் போகக்கூடாது, வீடு இப்படிக் கிடக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

திராட்சை எங்கே என்று அஃப்ரூஸ் கேட்டாள். முதலில் உட்காருங்கள், பழம் நறுக்குகிறேன் என்றாள் தூபா.

ஷௌகத் மரியாதை தவறாதவள். அடுத்த வீட்டு வாசலில் மூன்று தடவை மறுக்காமல் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அன்றைக்குத் தூபாவைத் தோளால் தள்ளிவிட்டு, சந்துப் புழுதி படிந்த செருப்போடு கம்பளத்தின் மேல் ஏறி நடந்தாள். அந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமரியாதை செய்ய வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும்.

நெகீன் ஜன்னலோரம் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். உதடு எப்போதும்போல லேசான நீலம். தட்டில் ஒரு திராட்சை. மற்றது கன்னத்தில் அடங்கிப் புடைத்துக்கொண்டிருந்தது. மெல்லவில்லை, சப்பிக்கொண்டிருந்தாள். முகம் சுளித்திருந்தது.

"ஆ காட்டு, செல்லம்" என்றாள் ஷௌகத்.

பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டாள். ஷௌகத் மண்டியிட்டாள், அந்த மடங்காத முழங்காலோடு. கட்டை விரலால் தாடையின் ஓரத்தில் ஓரிடத்தில் அழுத்தினாள். வாய் தானாகத் திறந்தது. மற்றக் கையின் இரண்டு விரல் உள்ளே போய் வெளியே வந்தது.

உள்ளங்கையில் ஈரத் திராட்சை. நகத்தால் பிரித்தாள். வெள்ளைப் பாதி, விளிம்பு மட்டும் கரைந்திருந்தது.

பிள்ளை வீறிட்டாள். வாய் கொப்பளிக்க வைத்தார்கள். தட்டில் இருந்ததையும் பிதுக்கினார்கள், அது வெறும் திராட்சை. டாக்டருக்குப் போன் போடச் சொல்லி அஃப்ரூஸ் தூபாவிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். கரைந்தது எவ்வளவு என்று டாக்டர் கேட்டார், ஓரம் மட்டும் என்றார்கள். மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், நெஞ்சு படபடத்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

தூபா போனைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள்.

ஷௌகத் நினைத்திருந்தால் அங்கேயே ஒரு பொய்யைச் சொல்லிக் கடையைக் காப்பாற்றியிருக்கலாம். எல்லாத்தையும் அஃப்ரூஸ் தலையில் போட்டுவிட்டும் போயிருக்கலாம்.

"என் மருந்து இல்லை" என்றாள். "டாக்டர் மருந்து. எங்க வீட்டுப் பொண்ணு நல்லாகறதைக் காட்டித்தான் நான் ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தேன். காட்டினது பொய். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

தூபா மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரலே மாறிப்போய்க் கேட்டாள்.

"அப்போ எங்க அக்கா மகன்?"

அவள் அக்கா ஃபரங்கீஸ், ஆற்றுக்கு அந்தப் பக்கம். மகன் ஹூமனுக்குப் பதினொரு வயது. துறுதுறுப்பு ஒரு பக்கம், சின்ன வயதிலிருந்தே வலிப்பு ஒரு பக்கம். துறுதுறுப்புக்கு ஷௌகத்திடம் கலவை வாங்கிப் போனாள். மூன்று வாரமாக வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.

யார் நிறுத்தச் சொன்னது என்று ஷௌகத் அதட்டினாள்.

"நீங்கதான். நான் பக்கத்துல இருந்தேன். சூட்டு மூலிகையும் ஆஸ்பத்திரி மருந்தும் ஒரே வயித்துல சண்டை போடும், ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கோன்னு சொன்னீங்க. பர்னியானைப் பாரு, ஒரு மாத்திரை தொடாம எப்படி இருக்கான்னு சொன்னீங்க."

ஷௌகத் செருப்போடு நின்றிருந்த கம்பளத்தைக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தவள்போல.

*

ஃபரங்கீஸின் போனும் எடுக்கப்படவில்லை. வாடகைக் காரில் பின்சீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

வண்டி பாலத்தில் நின்றபோது ஷௌகத் பேசினாள். ஓட்டுநருக்குக் கேட்காத குரல்.

"பதினொரு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். ஒவ்வொரு வீடும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு பிள்ளை நாக்கும் தெரியும். எல்லா வாசலுக்கும் வருவே. நீதான் சொல்லணும்."

வருகிறேன் என்றாள் அஃப்ரூஸ்.

"நான் பின்னால நிப்பேன். உனக்குத் துணையா நிக்கறேன்னு நினைச்சுக்காதே. நீ ஒரு வார்த்தையை முழுங்கினாலும் எனக்குக் கேக்கணும்."

"உங்க பங்கை யார் சொல்வா? மாத்திரையை நிறுத்துன்னு சொன்னது நான் இல்லை."

வண்டி நகர்ந்தது. ஷௌகத்தின் தாடை இறுகியது.

"என் பங்கை நான் சொல்வேன்" என்றாள். "அதுக்கப்புறம் என் தம்பி வருவான். அவன்கிட்ட உன் பங்கைச் சொல்றதுக்கு நான் ஒரு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

தெரியும் என்றாள் அஃப்ரூஸ். அவளுக்கு இராஜின் முகமும் தெரிந்தது, ஓரடி தள்ளிப் போன மகளின் தோளும் தெரிந்தது. எது பெரிய பயம் என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

ஃபரங்கீஸின் வீடு இரண்டாம் மாடி. படி ஏற ஷௌகத்துக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. மேல் படியில் நின்று, மணியை அழுத்து என்று கண்ணால் காட்டினாள். அஃப்ரூஸ் அழுத்தினாள்.

கதவு திறக்கக் கொஞ்ச நேரமானது. ஃபரங்கீஸ் கையில் சோப்பு நுரை. ஷௌகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், ஷௌகத் கானும். நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன். உங்க மருந்து என்னமா வேலை செய்யுது தெரியுமா? ஒரு நிமிஷம் அடங்காத பையன், காலையில அறையில ஏதோ தடதடன்னு உருட்டிக்கிட்டு இருந்தான். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பாத்தா தரையிலேயே படுத்துத் தூங்கறான். மணி பன்னண்டாகப் போகுது, அசையக்கூட இல்லை. நீங்க உள்ள வாங்க, சத்தம் போடாம வாங்க."

பின்னால் ஷௌகத்தின் மூச்சு நின்றது அஃப்ரூஸுக்குக் கேட்டது. பதினொரு வாசலுக்கும் என்று வண்டியில் கோத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் இப்போது தேவைப்படவில்லை.

"அவனை எழுப்புங்க, ஃபரங்கீஸ் கானும்" என்றாள் அஃப்ரூஸ். "மத்ததை அப்புறம் சொல்றேன். முதல்ல அவனை எழுப்புங்க."

*

கீரையை ஆய்ந்து முடித்துவிட்டீர்களா கண்ணுகளா? எழுந்து போய் உங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்க்காமலேயே அவர்கள் வாய் திறக்கட்டும், அந்த நம்பிக்கை உங்கள் வீட்டில் ஒருநாளும் குறையாமல் இருக்கட்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் மறைக்கத் தேவையில்லாத வீடாக அது இருக்கட்டும். உங்கள் வாசலில் மணி அடிக்கும் விரல் நல்ல சேதியோடு மட்டுமே வரட்டும்.